மூன்றாவது வளையத்தில் நிற்பவன்

அன்பு மகனுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாய். மேனேஜராகச் சேர்ந்திருக்கும் புதிய அணியைப் பற்றியும், தங்கியிருக்கும் அறையைப் பற்றியும், அங்கே கிடைக்கும் சோறு நம் ஊர்ச் சோறு போல இல்லை என்பதைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில், "அப்பா, அந்தக் கயிறை அனுப்பி வைங்கப்பா. இங்க யாருக்கும் லைன் நிக்கவே தெரியல. அரை அடி லேட்டானா என்ன ஆகும்னு என் முட்டியைக் காட்டித்தான் பாடம் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றாய். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நில அளவைத் துறையில் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தவன் ஒரு மனுவைக் காரணம் எழுதாமல் தள்ளுபடி செய்யக் கூடாது. அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். மேசையில் அமர்ந்து எழுதவில்லை. மடியில் என் அளவைப் புத்தகத்தை அட்டையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். ஏன் மேசை இல்லை என்பதை அதற்குரிய இடத்தில் சொல்வேன்.

எங்கள் தொழிலில் ஒரு புலத்தை அளக்கும் முன் யாரும் மறுக்காத ஒரு கல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்துதான் சங்கிலியை இழுப்போம். அதே முறையில் தொடங்குகிறேன். உனக்கு ஏற்கெனவே தெரிந்தவை சில வரும். உன் அம்மாவும் இதைப் படிப்பாள், அவளுக்காகவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அந்தக் கயிறு தேங்காய் நாரில் திரித்தது, கட்டைவிரல் பருமன். நான்கு வளையங்கள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு மீட்டர். அதைத் திரித்தவன் சூசை. பேராவூரணிக்குத் தெற்கே அவனுடைய மாமனார் வைத்திருந்த கயிற்றுக் கொட்டகையில் அவன் வேலை பார்த்தான். நானும் அவனும் ஏழு ஆண்டுகள் நம் ஊர்க் கால்பந்து அணியின் நடுத் தடுப்பாளர்கள். நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம். புது ஆற்றங்கரையில் மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த அந்த மைதானத்தில் நீ ஆடியதற்கு முன்பே நாங்கள் ஆடினோம். நடவு நடக்கும் நாட்களில் பந்து சேற்றில் விழுந்தால் எடுத்து வருவது யார் என்பதற்குக்கூட நான் ஒரு முறை வகுத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நாடாவை எடுத்துக் கோல் கம்பங்களை அளப்பேன். அப்படி ஒருமுறை அளந்தபோது சூசை எல்லாரும் கேட்கும்படி, "ஏன் மாப்ள, கோல் போஸ்ட்டுக்குப் பட்டா வாங்கித் தரப்போறியா?" என்றான். அன்றிலிருந்து அணியில் என் பெயர் பட்டா. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஏன் அவரைப் பட்டா என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளுடைய அண்ணன் விசாரித்தானாம். நிலம் நிறைய இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கயிறு அவன் யோசனை, முறை என்னுடையது. எதிரணியின் முன்கள ஆளுக்குப் பந்து புறப்படும் கணத்தில் நான்கு தடுப்பாளர்களும் ஒரே அடியாக முன்னால் ஏறினால் அவன் எங்களுக்குப் பின்னால் ஆஃப்சைடில் தனியாக நிற்பான், அவன் போடும் கோல் செல்லாது. ஒருவன் பின்தங்கினாலும் அத்தனையும் வீண். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. கண் பந்தின்மேல் இருக்கும். எனவே இடுப்பால் செய்யப் பழகினோம். நால்வரும் ஆளுக்கொரு வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு காலை முழுவதும் ஏறுவோம், இறங்குவோம், பக்கவாட்டில் நகர்வோம். கயிறு பக்கத்தில் இழுத்தால் நெருங்கு என்று பொருள். முன்னால் இழுத்தால் நீ தாமதம் என்று பொருள். பின்னால் இழுத்தால் பக்கத்தில் இருப்பவன் இன்னும் ஏறவில்லை என்று பொருள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள். வரிசைக்குப் பின்னால் யாரும் கிடையாது. நால்வரும் ஒன்றாக ஏறினால் பின்னிழுப்பு வர வழியே இல்லை. சில மாதங்களில் கயிற்றைக் கழற்றிவிட்டு ஆடும்போதும் அது இடுப்பில் இருப்பது போலவே தோன்றும். சூசை எந்த அளவு தள்ளி நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நான் அணித்தலைவன் ஆனதும் விதிகளை எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். வரிசையை உடைத்தவன் அடுத்த இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார வேண்டும் என்பது நான்காவது விதி. உனக்கு ஏழு மாதம் ஆகியிருந்த கோடையில், காலிறுதி ஆட்டத்தில், நாங்கள் மூவரும் ஏறினோம். சூசை ஏறவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். எதிரணிக்காரன் நிதானமாக ஓடிப்போய்ப் பந்தை உள்ளே தட்டிவிட்டான். நாங்கள் எப்படியோ அந்த ஆட்டத்தை வென்றோம். ஆட்டம் முடிந்ததும் நான் விதியைச் சொன்னேன். சூசை சண்டை போடவில்லை. "காலை எடுக்கத்தான் பாத்தேன், மாப்ள. எடுக்க வரல" என்று மட்டும் சொன்னான். அதை ஒரு சாக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். எழுத்துப்படி, கையெழுத்துப்படி அவனை வெளியே உட்கார வைத்தேன். சரி, அந்த ரெண்டு மேட்ச்சுக்குள்ள கயிறையாவது புதுசா முறுக்கி வைக்கிறேன் என்று சொல்லி அதைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினான்.

முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் இடையே எட்டு நாட்கள் இருந்தன. பேராவூரணி நம் ஊரிலிருந்து அரை மணி நேரம். நான் போகவில்லை. தண்டனையில் இருப்பவனைத் தலைவன் போய்ப் பார்த்தால் தண்டனைக்கு மதிப்பு இருக்காது என்று நினைத்தேன்.

இரண்டாவது ஆட்டத்தின் முற்பாதி முடியும் தருவாயில் அது நடந்தது. நால்வரும் ஏற வேண்டிய கணம். சூசையின் இடத்தில் வேறொருவன் நின்றான். எங்கள் இடுப்பில் கயிறு இல்லை. கயிறு பேராவூரணியில் இருந்தது. நான் அடி எடுத்து வைத்தேன். இடுப்பை யாரோ பின்னுக்கு இழுத்தார்கள். தள்ளாடியது போல இல்லை, தசை பிடித்தது போலவும் இல்லை. நார்க்கயிறு சட்டைக்கு மேல் அழுந்தினால் ஏற்படும் அந்தச் சொரசொரப்பு, இடப்பக்கம், பின்னோக்கி. நான் நின்றுவிட்டேன். மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். வரிசையை அன்று உடைத்தது நான். கோல் விழுந்தது, தோற்றோம். நாங்கள் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, சூசை கொட்டகையில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டான் என்றும், தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான் என்றும் சொன்னார். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவன் மனைவி ஸ்டெல்லா தானாகவே சொன்னாள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம் என்று. எங்கள் ஆட்டமும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ என்ற சொல்லை என் அலுவல் குறிப்பு எதிலும் நான் எழுதியதில்லை. இங்கே மட்டும் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா என்னைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனாள். சூசைக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் நாள்பட வீங்கியிருந்ததாக மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மேட்ச்சுக்கு முந்தின வாரமே அவங்க சொன்னாங்கண்ணே, இடது காலு சொன்னபடி கேக்கலன்னு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன். சொன்னா உக்கார வச்சிடுவான்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கயிறு அங்கே ஒரு கட்டையில் சுற்றிக் கிடந்தது. இரண்டாவது வளையத்துக்கும் மூன்றாவது வளையத்துக்கும் இடையே உள்ள பகுதியை, அதாவது எனக்கும் தனக்கும் இடைப்பட்ட எட்டு மீட்டரை, அவன் முழுதாகப் பிரித்துப் புது நாரில் திரித்திருந்தான். மூன்றாவது வளையத்தின் முடிச்சு மட்டும் பாதியில் நின்றிருந்தது. "இது வீட்ல கிடந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றாள். ஏன் தூக்கம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த முடிச்சை நானே போட்டு முடித்தேன். அளந்து பார்த்தேன். முதல் இடைவெளி எட்டு மீட்டர். மூன்றாவது எட்டு மீட்டர். நடுவில் இருந்தது ஒரு சாண் குறைவு. புதுக் கயிறு இழுபட்டால் நீளும் என்று விட்டுவிட்டேன். இன்றுவரை அது நீளவில்லை.

ஆடுவதை நிறுத்தியதும் நான் அணியின் மேனேஜர் ஆனேன். தடுப்பாளனாக இருந்தவன் மேனேஜர் ஆனால் என்ன செய்வான் என்பதை நீயும் சீக்கிரத்தில் உணர்வாய். கோல் போடுவதைப் பற்றி அவனுக்குப் பெரிதாகக் கவலை இராது. எது நடக்கக் கூடாது என்பதையே நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பான். என் விதிகள் நான்கிலிருந்து பதினேழு ஆயின. நாங்கள் அதிகம் வெல்லவில்லை, அதிகம் தோற்கவும் இல்லை. பட்டா சார் டீம்ல கோலும் விழாது, கொட்டாவியும் நிக்காது என்று டீக்கடையில் சொல்வார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பருவமும் புதிய நால்வரைக் கயிற்றில் கட்டினேன்.

மூன்றாவது வளையத்தில் முதலில் நின்றவன் முத்துப்பேட்டையிலிருந்து வந்த கலைமணி. படகில் வலை இழுத்து வளர்ந்த தோள் அவனுக்கு. எதற்கும் பயப்பட மாட்டான். ஒருநாள் காலைப் பயிற்சியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சார், என் பின்னால யாரு நிக்கிறா?" என்றான். யாருமில்லை. கோல் கம்பமும், அதற்கு அப்பால் வாய்க்காலும், நாற்றங்காலில் ஒற்றைக் கொக்கும் இருந்தன. நான் அவனைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டான், பொங்கலுக்கு நம் வீட்டுக்கு இறால் கொடுத்தனுப்புகிறவன் அவன்தான். சில ஆண்டுகள் கழித்து அதே வளையத்தில் நின்ற தபால்துறைக்காரர் ஒருவர், கயிறு பின்னால் இழுக்கிறது, முடிச்சைப் பாருங்கள் என்றார். பார்த்தேன், முடிச்சு சரியாக இருந்தது. அடுத்த வாரம் அவர் கண்கள் மஞ்சளாகியிருந்தன. மூன்றாவதாக ஒருவன், அவனுக்குக் காலெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இவை எல்லாவற்றையும் அளவைப் புத்தகம் ஒன்றில் குறித்தேன்: யார், எந்த நாள், கயிறு உலர்ந்திருந்ததா, பனியில் நனைந்திருந்ததா. உடலில் குறை உள்ளவன் இமைப்பொழுது தாமதமாக ஏறுவான், அப்போது கயிறு இழுக்கும், அதையே அவன் பின்னிழுப்பாக உணர்கிறான் என்று ஒரு விளக்கமும் எழுதினேன். எழுதி முடித்ததுமே பிழை தெரிந்துவிட்டது. தாமதமாக ஏறுபவனைக் கயிறு முன்னால்தான் இழுக்கும். அந்தப் பக்கத்தை அடிக்காமல், அடுத்த பக்கத்திலும் எழுதாமல், புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் மூன்றாவது வளையத்தை எடுத்துவிடவில்லை. அதில் நின்றவன் சொன்னதைக் கேட்டு யாரையும் உட்கார வைக்கவும் இல்லை. அதற்கு என்னிடம் விதி இல்லை.

பிறகு நீ வந்தாய். உனக்கு இடது கால் பழக்கம் என்பதால் இயல்பாகவே மூன்றாவது வளையம் உனக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. மைதானத்தில் நீ என்னைச் சார் என்று கூப்பிட வேண்டும் என்பதும் என் விதிதான். வீட்டுக்கு வந்து அப்பா என்று கூப்பிட உனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். சனிக்கிழமை அரையிறுதி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, இரண்டாவது வளையத்துக்காரன் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நானே அதை மாட்டிக்கொண்டு நின்றேன். நாம் நால்வரும் ஏறினோம். நீ நின்று, "சார், கயிறு பின்னால இழுக்குது" என்றாய். நான், "பின்னால யாரும் இல்ல. ஏறு" என்றேன். மறுபடி ஏறினோம். நீ மறுபடி சொன்னாய். நான் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் முறை நீ எதுவும் சொல்லவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. அன்று அந்த இழுப்பு எனக்கும் தெரிந்தது. மூன்று முறையும். நீ என்னோடு சரிசமமாக ஏறியிருந்தாய். உன் வெறுங்கால்களை என் பக்கவாட்டில் பார்த்தேன். நமக்கிடையே இருந்த கயிறு மட்டும் வில் போல வளைந்து, நமக்குப் பின்னால் இருந்த ஏதோ ஒரு புள்ளியை நோக்கிப் போய் வந்தது. காற்று இல்லை. வயலில் கதிர்கள் அசையவில்லை. அது என்ன என்பது எனக்குத் தெரியும், தம்பி. வீட்டில் அளவைப் புத்தகத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. நான்காவது பெயரை எழுத வேண்டிய இடம் எது என்பதும் தெரியும். நான் செய்தது என்னவென்றால், வெள்ளி மாலைக்குள் உடல்குறையை எழுத்தில் தராதவர் ஆடத் தகுதியானவர் என்ற பதினோராம் விதியை நினைவுபடுத்திக்கொண்டேன். நீ எழுதித் தரவில்லை. உன்னை ஆட வைத்தேன். மகனுக்குச் சலுகை காட்டினான் என்று பேசுவார்களே என்று பயந்ததாகப் பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதி உண்மைதான். மீதியும் சொல்லிவிடுகிறேன்: அந்த அரையிறுதியை வெல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பாதியில் நீ விழுந்தாய். உன்னைச் சுற்றி யாருமே இல்லை. இடது கால் தரையில் ஊன்றிய இடத்திலேயே நின்றது, உடல் மட்டும் முன்னால் போயிற்று. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நான் ஓடி வந்தபோது நீ முழங்காலைப் பார்க்கவில்லை. கையை ஊன்றி, கழுத்தைத் திருப்பி, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன பார்த்தாய் என்று நான் இதுவரை கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பிறகு, "நான் லேட்டா ஏறினேனாப்பா?" என்று கேட்டாய். நான், "ஆமா. அரை அடி" என்றேன். அது பொய். நான் வேண்டுமென்றே சொன்ன பொய். நீ தாமதிக்கவில்லை. நீ கீழே கிடந்ததால் பார்த்திருக்க மாட்டாய். துணை நடுவரின் கொடி உயர்ந்திருந்தது. ஆஃப்சைடு. நால்வரும் ஒரே கோட்டில் இருந்தால் மட்டுமே அந்தக் கொடி உயர்ந்திருக்கும். நான் பார்த்த வரிசைகளிலேயே மிகச் சரியான வரிசை அது. நீ தாமதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால், பிறகு ஏன் விழுந்தாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி என் அளவைப் புத்தகத்தில் போய் நிற்கும். அதனால் உன் ஆட்டம் முடிந்த பழியை உன் பாதத்தின் மேலேயே போட்டேன். நீ அதை நம்பினாய். நம்பியதோடு நிற்கவில்லை; பயிற்சியாளர் படிப்புக்குப் போனாய், தேறினாய், இப்போது முன்பின் தெரியாத இளைஞர்களிடம் முழங்காலைக் காட்டி அரை அடியின் கதையைச் சொல்கிறாய். செவ்வாய்க்கிழமை நான் போனை வைத்ததற்குக் கயிறு மட்டும் காரணமில்லை. என் பொய் ஓர் அணியின் விதியாக மாறிக்கொண்டிருப்பதைக் கேட்டதும்தான் வைத்தேன். அடுத்த பயிற்சிக்குப் போனதும் அவர்களிடம் திருத்திச் சொல்லிவிடு. எங்கப்பா தப்பாச் சொல்லிட்டார் என்று சொன்னால் போதும்.

மறுநாள் புதன்கிழமை பிற்பகல், மனம் கேட்காமல் பரணிலிருந்து கயிற்றை இறக்கினேன். அம்மா குத்தாலத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அனுப்புவதா வேண்டாமா என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. அளந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைத்தேன். கொல்லையில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கயிற்றை முழு நீளத்துக்கும் விரித்தேன். நடு இடைவெளி அதே ஒரு சாண் குறைவு. என்ன தோன்றியதோ, இரண்டாவது வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது வளையம் என் இடப்பக்கத்தில், கிணற்றடியில், மண்மேல் கிடந்தது. ஓர் அடி முன்னால் வைத்தேன். கயிறு என்னைப் பின்னால் இழுத்தது. திரும்பினேன். கயிறு தளர்ந்து தரையில் கிடந்தது, வளையத்தின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எந்த அளவையும் மூன்று முறை எடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. மூன்று முறை எடுத்தேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

கயிற்றைக் கழற்றிவிட்டு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொல்லாததை அவளிடம் வரிசையாகச் சொன்னேன்: கலைமணி, தபால்துறைக்காரர், விரிசல் கண்டவன், நீ, இப்போது நான். சூசை எங்களைத் தன்னிடம் கூப்பிடுகிறான் என்று நினைக்கிறேன் என்றும் சொன்னேன். பின்னால் கொட்டகையில் இயந்திரம் ஓடும் ஓசை கேட்டது. "அவங்க கூப்பிடலண்ணே. நிறுத்துறாங்க" என்றாள். பிறகு, "உங்களுக்கு உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு மாதங்களாக, வயலில் அளவைக்குப் போகும்போது, வரப்பு ஏறும் இடத்தில் இடது கால் சில கணம் எழுவதில்லை. எடுக்கத்தான் பார்ப்பேன், எடுக்க வராது. கிராம நிர்வாக அலுவலரோ தலையாரியோ பார்த்துவிடக் கூடாதே என்று செருப்பைச் சரி செய்வது போல நின்றுகொள்வேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சூசை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை மனதுக்குள் அவனைக் கடிந்திருக்கிறேன். இப்போது தெரிகிறது, அது எவ்வளவு எளிது என்று.

அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் பாதத்தின் அடியில் ஏதோ கோடு இழுத்துப் பார்த்தார், கழுத்தில் குழல் வைத்துக் கேட்டார், வீட்டுக்குப் போகக் கூடாது என்றார். மறுநாள் முதல் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறேன். மேசை இல்லாததற்குக் காரணம் அதுதான். அம்மா உன்னிடம் சும்மா டெஸ்ட்டுக்காக என்று சொல்லியிருப்பாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அதையும் இங்கே திருத்திக்கொள். கழுத்திலிருந்து மேலே போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது. செவ்வாய் காலை அதைச் சரி செய்கிறார்கள். நேரத்தோடு வந்துவிட்டேன் என்று மருத்துவர் சொல்கிறார். எப்படி வந்தேன் என்று அவர் கேட்டார். கால் மரத்தது என்று மட்டும் சொன்னேன்.

முடியாது என்றதை மாற்றிக்கொண்டேன்; கயிற்றை அம்மா பார்சலில் அனுப்புவாள். ஸ்டெல்லாவிடம் கேட்டுவிட்டேன், கொண்டு போகட்டும் என்றாள். அதோடு என் பதினேழு விதிகளையும் அனுப்புவதாக ஒருமுறை சொல்லியிருந்தேன், அவற்றை அனுப்பவில்லை. என் அணியில் வெளியே உட்காருவது தண்டனை. அதனால் என் அணியில் யாருக்கும் வலித்ததே இல்லை, சாகும்வரை வலித்ததில்லை. நீ அப்படி ஓர் அணியை நடத்தாதே. உட்கார வேண்டியவனை உட்கார வை. அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்கும் என்று அவன் காது கேட்கச் சொல். ஒருவன் கால் வரவில்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேட்காதே. மூன்றாவது வளையத்தில் நிற்பவன் பின்னால் இழுக்கிறது என்று சொன்னால், நீ பேயை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அன்றே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போ. அவனைத் திட்டாதே. பின்னால் யாரும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். எனக்கு இழுப்பு வந்திருக்கிறது. நான் சூசைக்குக் கொடுத்த அதே கணக்கில் வெளியே உட்காருகிறேன். இரண்டு ஆட்டங்கள். முதலாவது இந்த ஞாயிறு. இரண்டாவது அதற்கு எட்டு நாள் கழித்து என்று உன் அட்டவணையில் பார்த்தேன். அந்த எட்டு நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். புது மேனேஜர் பருவம் தொடங்கியதுமே ஊருக்குப் போவது முறையில்லை என்று அங்கே யாராவது சொல்வார்கள். உன் வயதில் நானாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் ஒருநாள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ, தம்பி.

வெளியே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா